லோஞ்சில் அப்பா, இறங்கினால் சேர்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
17.01.1982

அன்புள்ள மகள் சீலாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். மாரி தொடங்கினதிலிருந்து அம்மாவின் வலது முழங்கால் மட்டும் சொல்வழி கேளாமல் இருக்கிறது, மற்றபடி ஆண்டவர் எங்களை நன்றாகவே வைத்திருக்கிறார். அங்கே நீயும் மருமகன் அலனும் பேத்தி றூத்தும் அந்தக் குளிருக்குள் தேக சுகத்தோடு இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் பேனையை எடுத்தேன். உனக்குப் பத்து வயதாக இருந்தபோது மூதூருக்குக் கடலால் போகிற லோஞ்சில் வைத்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய், உனக்கு நினைவிருக்கிறதோ தெரியாது. அப்பா, லோஞ்சு எந்த இடத்துக்கு வந்தால் நீங்கள் சேர் ஆவீங்கள் என்று கேட்டாய். அந்த நாளில் நான் மூதூரில் படிப்பித்தேன். சிறில் கைக்குழந்தை, அம்மாவுக்கு உடம்பு தேறவில்லை, ஆகையால் உன்னை என்னோடு கூட்டிக்கொண்டுபோய் என் வகுப்பிலேயே இருத்தினேன். திங்கள் காலை போனால் வெள்ளி பின்னேரம்தான் திரும்பி வருவோம். வாத்தியார் மகள் என்று ஒருவரும் ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக, லோஞ்சில் அப்பா, இறங்கினால் சேர், மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் கூப்பிட வேண்டும் என்று நான்தான் சட்டம் போட்டேன். நாங்கள் தங்கின அறையும் பள்ளிக்கூட வளவுக்குள்ளேயே இருந்தபடியால் கிழமை முழுக்க உனக்கு நான் சேர்தான். உன் கேள்விக்கு நான் சிரித்துக்கொண்டு, இறங்குகிற ஜெற்றியில் கால் வைத்தவுடன் என்று பதில் சொன்னேன். அந்தப் பதில் பிழை என்பதை இருபத்தெட்டு வருடம் கழித்துப் போன வெள்ளிக்கிழமைதான் கண்டுபிடித்தேன். அதை உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம், ஆனால் கொஞ்சம் சுற்றித்தான் அங்கே வருவேன், என் பழக்கம் உனக்குத் தெரியும்.

இங்கே இந்தமுறை மழை நல்ல மழை. தம்பலகாமப் பக்கம் வயலெல்லாம் நிறைந்து நிற்கிறதாம், சிறில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். அவன் தன் வேலை உண்டு வீடு உண்டு என்று இருக்கிறான், இரண்டு ஞாயிறுக்கு ஒருக்கால் வந்து போவான். குசினிக் கூரையில் இரண்டு ஓடு விலகி அம்மாவின் அடுப்புக்கு நேரே ஒழுகினது, நானே ஏறப் போனேன், எழுபது வயதில் ஓட்டுக்கு ஏறுகிற ஆளைக் கட்டினதற்கு நான் அப்பவே கன்னியர் மடத்துக்குப் போயிருக்கலாம் என்று அம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள், பிறகு சிறில்தான் வந்து மாற்றினான். உன் அம்மா இன்னும் அந்த மூப்பர் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். கதவு கதவாகப் போய் வேதம் சொல்கிற உங்கள் சபை ஊழியரைப் பார்க்கிற பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொண்டு போன புதிதில், நாலு மூப்பர்மார் எங்கள் வீட்டில் சாப்பிடுகிறார்கள், பாவங்கள், நாள் முழுக்க நடந்து களைத்துப் போய் வருகிறார்கள் என்று எழுதியிருந்தாய் அல்லவா? எங்கள் கோயில் மூப்பர் சூசைப்பிள்ளையை மனதில் வைத்துக்கொண்டு, நாலு கிழவர்கள் பனிக்குள் நடக்கிறார்களே என்று அம்மா முழங்காலுக்குப் பூசும் எண்ணெய் இரண்டு போத்தல் காய்ச்சி அனுப்பினாள். உங்கள் மோர்மன் சபையில் பத்தொன்பது வயதுப் பெடியனையும் மூப்பர் என்றுதான் கூப்பிடுவார்கள் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? அதில் ஒரு பெடியன் அந்த எண்ணெயைத் தலைக்கு வைத்துக்கொண்டு கதவு கதவாகப் போனான் என்று நீ எழுதினதை வாசித்த நாளில் அம்மா சோறு குழையவிட்டாள். நீங்கள் தேயிலை குடிப்பதில்லை என்பதை ஏழு வருடம் சொல்லாமல், நாங்கள் அனுப்பினதையெல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்ததும் அதே கடிதத்தில்தான் தெரிந்தது. எங்கள் மனம் நோகும் என்று மறைத்திருக்கிறாய். நீ கோயில் மாறின காலத்தில் நான் எழுதின கடிதங்கள் அப்படிப்பட்டவை, அதனால் நீ பயந்ததில் பிழையில்லை. அந்தக் கதையை நான் இனிக் கிளறப்போவதில்லை.

போன செவ்வாய்க்கிழமை தபால்காரர் முஹம்மது தம்பி படலையடியில் நின்றுகொண்டு, சேர், இண்டைக்கு மகள் இல்லை, மகள்ட மகள், எழுத்து எல்லாம் எறும்பு ஊருற மாதிரி இருக்கு என்று கூப்பிட்டார். அன்றைக்குப் பரீதா ரீச்சரும் எங்கள் வீட்டில் இருந்தா. என்னோடு மூதூரில் படிப்பித்த பரீதாவைத்தான் சொல்கிறேன், உன் தலையில் பேன் பார்த்துவிட்டவ. பட்டணத்துக்குச் சாமான் வாங்க வந்தவ, கடல் கொந்தளித்து லோஞ்சு ஓடாதபடியால் திரும்பிப் போக ஏலாமல் வெள்ளிக்கிழமை வரை எங்களோடு நின்றா. றூத்தின் கடிதம் இங்கிலிசில், நான் தமிழில் சொல்லச் சொல்ல இரண்டு பேரும் கேட்டார்கள். இனி நான் எழுதுவதை நீ இருந்து வாசி. இதை உனக்குச் சொல்லப்போகிறேன் என்று றூத்துக்கும் தனியாக எழுதிவிட்டேன், அவளுக்குத் தெரியாமல் செய்யவில்லை. பிள்ளையை ஏசவும் வேண்டாம்.

ஊழியத்துக்கு வந்து உங்களிடம் இருக்கிற நூற்றறுபது பிள்ளைகளும் கிழமைக்கு ஒரு தாள் எழுதி அனுப்ப வேண்டும், அலன் எல்லாவற்றையும் வாசிப்பார், பெரிய தொல்லை இல்லாத கடிதங்களுக்கு நீ இரண்டு மூன்று வரி பதில் எழுதி வெளியறை மேசையில் இருக்கும் தட்டில் வைப்பாய் என்று நீயே எழுதியிருந்தாய். கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் றூத் அந்தப் பிள்ளைகள் எழுதுகிற தாளிலேயே, கந்தோர் தட்டச்சு மெசினில் தட்டி, ஊழியத்துக்கு வந்த ஒரு பெண்பிள்ளை போல சிஸ்டர் றோஸ் என்று பெயர் போட்டு ஒரு கடிதத்தை அந்தக் கட்டுக்குள் வைத்திருக்கிறாள். அவள் எழுதினது இவ்வளவுதான். நான் தினமும் ஒரே கதவைத் தட்டுகிறேன், உள்ளே ஆள் இருக்கிறது, நல்ல மனுசிதான், ஆனால் பிறகு வா பிறகு வா என்று சொல்கிறா, நான் என்ன செய்யட்டும்? அதற்கு நீ பதில் எழுதினாய் மகள். அந்தத் தாளை அவள் தட்டிலிருந்து எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறாள், இப்போது என் மேசையில் இருக்கிறது. உன் கையெழுத்தை நான் பிழைவிட மாட்டேன், நான் பழக்கின கையெழுத்து. அன்பான சகோதரி, மனம் தளராதீர்கள், ஒரு கதவு திறக்காவிட்டால் அதிலேயே நின்று நேரத்தைப் போக்காமல் அடுத்த கதவைத் தட்டுங்கள், உங்களுக்காகச் செபிக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய்.

றூத் எனக்கு எழுதின கடிதத்தின் முதல் வரி இது. அம்மப்பா, அம்மா சொன்னபடி நான் அடுத்த கதவைத் தட்டுகிறேன். அப்பாவும் அம்மாவும் இந்த வேலையை முடிக்கிற வரைக்கும் நான் உங்களோடு வந்து இருக்கலாமா, நான் அதிகம் சாப்பிட மாட்டேன், பூனையையும் விட்டுவிட்டு வருவேன் என்று கேட்டிருக்கிறாள். திங்கட்கிழமைப் பின்னேரம் குடும்பத்துக்கென்று ஒதுக்க வேண்டும் என்பது உங்கள் சபை ஒழுங்காம், ஆனால் அந்தப் பின்னேரத்திலும் உங்கள் வீட்டுக் கதிரைகளிலெல்லாம் வேறு பிள்ளைகள்தான் இருக்கிறார்களாம், தான் படிக்கட்டில் இருக்கிறாளாம். இதைக் குறையாக எழுதவில்லை. அம்மாவுக்கு நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு அம்மாமார் தூரத்தில், எனக்குக் கிட்டத்தில்தானே என்று நியாயம் சொல்லி எழுதியிருக்கிறாள். பதினொரு வயதுப் பிள்ளை நியாயம் சொல்லத் தொடங்கினால் அது நல்லதற்கில்லை என்று எனக்கு வகுப்பறை சொல்லித் தந்திருக்கிறது.

நான் வாசித்து முடிக்கும் முன்னமே அம்மா எழும்பிவிட்டாள். அந்த முழங்காலோடு போய் அலுமாரிக்கு மேலே இருந்த நுளம்பு வலையை இழுத்து விழுத்தி, கிணற்றடிக்குக் கொண்டுபோய் மழையையும் பாராமல் அலசினாள். உன் அறைக் கட்டிலில் நான் அடுக்கி வைத்திருந்த பழைய பேப்பர்களை எல்லாம் விறாந்தையில் கொண்டுவந்து போட்டாள். வரச் சொல்லி எழுதுங்கோ, இண்டைக்கே எழுதுங்கோ, இங்க மடத்துப் பள்ளிக்கூடத்தில சேர்ப்பம், மூன்று மாதத்தில தமிழ் கதைப்பாள் என்று சொன்னாள். நீ கடைசியாக வந்து போய் எட்டு வருடம் சீலா. றூத்துக்கு அப்போது மூன்று வயது, கோட்டையடியில் மான்களைப் பார்த்து ஆடு ஆடு என்று கத்தினாள். அந்த ஒரு மாதத்தை நாங்கள் எட்டு வருடமாக எடுத்து எடுத்துக் கதைத்துக் கதைத்து, இப்போது எது நடந்தது எது அம்மா சேர்த்தது என்று எனக்கே தெரியாது. அப்படி இருக்கிற வீட்டுக்கு, நான் வரட்டுமா என்று ஒரு பிள்ளை கேட்டால் இந்த இரண்டு கிழடுகளுக்கும் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். மறைக்காமல் சொல்கிறேன், நானும் தாளை எடுத்து, வா மகள் என்று எழுதிவிட்டேன்.

பரீதா ரீச்சர்தான் தடுத்தா. அவ வாயைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. என்ன சேர், படிப்பிச்ச ஆள் நீங்க, கேள்விய வாசிக்காம விடை எழுதுறீங்க, அந்தப் புள்ள திருகோணமலைக்கு வரக் கேக்கல்ல, தாயிட்டப் போகத்தான் வழி கேக்குது என்று சொன்னா. எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. என் மகளும் என்னோடு மூதூரில் அப்படி இருந்தவள்தான், பள்ளிக்கூடத்தில் சேராக இருந்தாலும் லோஞ்சில் ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணித்தியாலம் நான் அவளுக்கு அப்பாவாக மட்டும் இருந்தேன், அதுபோல சீலாவும் எங்கேயோ ஒரு நேரம் வைத்திருப்பாள் என்று சொன்னேன். அதற்கு அவ சிரித்த சிரிப்பு! எந்த லோஞ்சில சேர்? நானும் அந்த லோஞ்சிலதானே வந்தனான், நீங்க மடியில கொப்பிக் கட்டை வெச்சு சிவப்புப் பேனையால திருத்திக்கொண்டே வருவீங்க, புள்ள தனியக் கடலப் பாத்துக்கொண்டு வரும், அப்பா அந்தா மீன் பாயுது எண்டு சொன்னா நீங்க தலையத் தூக்காம ஓம் ஓம் எண்டு சொல்லுவீங்க, எனக்குத்தான் அந்த மீனெல்லாம் காட்டினது என்றா. அம்மா நுளம்பு வலையைப் பிழிந்துகொண்டு நின்றவள் அப்படியே நின்றுவிட்டாள். எனக்கு நல்ல ஞாபகசக்தி என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை கடல் தணிந்தது. ரீச்சரை ஏற்றிவிடப் போன நான் அவவோடு நானும் ஏறிவிட்டேன். சீனன்குடாப் பக்கம் வானம் வெளித்துப் போய், நல்ல காற்று. முன்னர் நாங்கள் இருந்த அதே இடது பக்கத்து வாங்கில் இருந்து, உன் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு போனேன். சொன்னால் நம்பமாட்டாய், நடுக்கடலைத் தாண்டி மூதூர்க் கரையின் தென்னைகள் தெரியத் தொடங்கின உடனே என் கை தன்பாட்டில் போய்ச் சட்டைக் கழுத்தைச் சரிபண்ணினது, தலைமயிரைத் தடவினது, பையில் பேனை இருக்கிறதா என்று பார்த்தது. விட்டுப் பதினைந்து வருடமான வேலைக்கு! அப்போதுதான் விளங்கினது மகள். நீ பகிடிக்குக் கேட்கவில்லை. நான் ஜெற்றி வரைக்கும் அப்பாவாக இருக்கவில்லை என்பதை நீ பத்து வயதில் கண்டுபிடித்து, மரியாதையாக என்னிடம் கேட்டிருக்கிறாய். மூதூரில் ரீச்சர் இறங்கினா, நான் இறங்கவில்லை. சேர், இறங்கேல்லையோ, ஊர் மறந்து போச்சோ என்று லோஞ்சுக்காரர் கேட்டார். இண்டைக்கு எனக்கு அங்கே வேலை இல்லைத் தம்பி என்று சொல்லிவிட்டு அதே லோஞ்சில் திரும்பி வந்தேன். வருகிற வழியில் இரண்டு மீன் பாய்ந்தது. இரண்டையும் பார்த்தேன்.

இதில் உன்னில் குற்றம் பிடிக்க எனக்கு வாயில்லை. நீ அந்தப் பிள்ளைகளுக்குச் செய்வது எங்களுக்குத் தெரியும். போன வருடம் ஒரு பெடியனுக்கு ஊரில் தகப்பன் இறந்த செய்தி வந்தபோது, அவன் திரும்பிப் போகாமல் எடுத்த வேலையை முடிக்கிறேன் என்று நின்றதையும், நீ மூன்று நாள் அவனுக்குச் சோறு குழைத்துக் கையில் கொடுத்ததையும் எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை அம்மா செபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள். கண்காணாத இடத்தில் இருக்கிற அந்தத் தாய்மாருக்காக நீ செய்கிறாய், அது பெரிய காரியம். ஆனால் ஒரு உதாரணம் சொல்கிறேன். காலையில் நான் இடாப்புக் கூப்பிடுவேன் அல்லவா, நாற்பத்திரண்டு பெயர். ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அது எழும்பி வந்திருக்கிறேன் சேர் என்று சொன்ன பிறகுதான் அடையாளம் போடுவேன். உன் பெயர் வந்தால் மட்டும் கூப்பிட மாட்டேன். நீ வந்திருக்கிறாய் என்று எனக்குத்தான் தெரியுமே, காலையில் நான்தானே தலை இழுத்துவிட்டேன், அதனால் பேசாமல் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவேன். நீ வாங்கில் அரைவாசி எழும்பிவிட்டு இருந்துவிடுவாய். அது இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது, ஆனால் அது என்ன என்று இவ்வளவு நாளும் எனக்கு விளங்கவில்லை. கிட்டத்தில் இருக்கிற பிள்ளையின் பெயரை நாங்கள் கூப்பிடுவதில்லை மகள். தூரத்தில் இருக்கிறவர்களைத்தான் கூப்பிடுகிறோம். நீ தூரத்துக்குப் போன பிறகுதான் நானும் உன்னைக் கூப்பிடத் தொடங்கினேன், மாதத்துக்கு இரண்டு கடிதம், இருபது வருடமாக.

ஆகையால் றூத்துக்கு நாங்கள் எழுதின பதில் இதுதான். இந்தக் கதவு உனக்கு எப்போதும் திறந்திருக்கும், ஆனால் நீ தட்டின கதவு இது அல்ல, முதல் கதவையே இன்னும் ஒருக்கால் தட்டு, இந்தமுறை உன் சொந்தப் பெயரைச் சொல்லித் தட்டு என்று எழுதினேன். அம்மா நான் எழுதி முடிக்கும் வரை பக்கத்தில் இருந்தாள், வாசித்துக் காட்டச் சொன்னாள், பிறகு காய்ந்த நுளம்பு வலையை மடித்தாள். மடித்ததை அலுமாரிக்கு மேலே வைக்கவில்லை, உன் கட்டிலிலேயே வைத்திருக்கிறாள். இருக்கட்டும், எடுக்கச் சொல்லி நானும் சொல்லவில்லை. எங்களுக்கு இன்னும் பதினெட்டு மாதம், எண்பத்துமூன்று ஆடியில் உங்கள் வேலை முடியும் என்று எழுதியிருக்கிறாய், ஆவணியில் மூன்று பேரும் வந்து நில்லுங்கள், அந்த மாதத்தில் கடலும் அமைதியாக இருக்கும், எல்லாரும் லோஞ்சில் போவோம். அதுவரை அம்மாவின் முழங்காலும் என் கண்ணும் தாங்கும், நீ அதை நினைத்துக் கவலைப்படாதே.

அலனுக்கு எங்கள் அன்பைச் சொல்லு, அவரும் நித்திரை முழித்துக் கடிதம் வாசித்துக் கண்ணைக் கெடுக்கக்கூடாது. அந்த நூற்றறுபது பிள்ளைகளுக்காகவும் அம்மா செபமாலையில் ஒரு மணி சேர்த்திருக்கிறாள், உங்கள் சபை அதற்குக் கோபிக்காது என்று நினைக்கிறேன். கறித்தூள் போன கிழமை பார்சலில் போட்டோம், ஈரம் படாமல் போத்தலில் கொட்டி வை. ஆண்டவர் உன் கையையும் உன் வீட்டையும் ஆசீர்வதிக்கட்டும், மாதா உன் பிள்ளையை உன் பக்கத்தில் வைத்திருக்கட்டும். நான் எப்போதும் முழுப்பெயரும் எழுதி, ஓய்வுபெற்ற ஆசிரியர் என்றும் போட்டுக் கையெழுத்து வைப்பதை அம்மா இருபது வருடமாகப் பகிடி பண்ணுகிறாள். இன்றைக்கு அவள் பகிடி பண்ண ஒன்றும் இல்லை.

இனி நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். இது கிடைத்து வருகிற முதல் திங்கட்கிழமைப் பின்னேரம், றூத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உங்கள் தெருவில் வரும் பஸ்ஸில் அவளோடு ஏறிக் கடைசித் தரிப்பு வரை போய்த் திரும்பி வா, கையில் ஒரு தாளும் கொண்டு போகாதே, யன்னல் பக்கத்தை அவளுக்குக் கொடு.

இப்படிக்கு,
அப்பா